குவானிடினின் வரலாறும் பயனும்

நிலக்கரித் தாரின் நாற்றத்தைக் கண்டு விலகிச் சென்றவர் பலர். அதனுள் கண்கவர் சாயங்கள் மறைந்திருப்பதைக் கண்டவர் சிலர். பூஞ்சணம் பூத்த பண்டத்தை வீசி எறிந்தவர் பலர். அப்பூஞ்சண இனத்தினின்று பெனிசிலின் என்னும் உயிர்காக்கும் மருந்தைக் கண்டவர் சிலர். இழிந்தது என்று உலகம் ஒதுக்கிய பொருளிலும் அரும்பொருள் மறைந்திருத்தல் உண்டு. பறவைகளின் எச்சத்தினின்று வெளிப்பட்ட குவானிடின் என்னும் சேர்மம் அத்தகையது. அதன் தோற்றம், அமைப்பு, பயன் ஆகியவற்றை இப்பாடம் விளக்கும்.

தோற்றம்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் பெரு என்னும் நாடு உள்ளது. அந்நாட்டின் கரைக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில், சின்ச்சா என்னும் சிறு பாறைத் தீவுகள் இருக்கின்றன. அக்கடலில் ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தில் மீன்வளம் மிகுதி. மீனை இரையாகக் கொள்ளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் அத்தீவுகளிற் பெருங்கூட்டமாகத் தங்குகின்றன. அங்கு மழை பெய்தல் மிக அரிது. ஆதலின் பறவைகளின் எச்சம் கரைந்தோடாமல் பல நூற்றாண்டுகளாகப் படிந்து, சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திற்குக் குன்றுபோற் குவிந்து கிடந்தது.

அந்நாட்டுப் பழங்குடியினர் இவ்வெச்சத்தின் அருமையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வயலுக்கு இதனை உரமாக இட்டு வளம் பெருக்கினர். அவர்தம் கெச்சுவா மொழியில் இதற்கு ‘வானு’ என்று பெயர். ஸ்பானியர் அதனைக் ‘குவானோ’ என்று திரித்து வழங்கினர். அம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் தென்னமெரிக்கப் பயணத்தை முடித்து, 1804-ஆம் ஆண்டில் இதன் மாதிரியை ஐரோப்பாவிற்குக் கொண்டுவந்தார். 1840-க்குப் பின்னர் கப்பல் கப்பலாகக் குவானோ ஐரோப்பிய வயல்களுக்குச் சென்றது. அதனை வெட்டியெடுக்கச் சீன நாட்டினின்று கொண்டுவரப்பட்ட கூலியாட்கள், கொடும் வெயிலிலும் நச்சுப் புழுதியிலும் உழன்று பெருந்துன்பம் எய்தினர், பலர் மாண்டனர். உரத்தின் பெருமையைக் கூறும்போது அவர்கள் பட்ட துயரையும் மறத்தல் ஆகாது.

குவானோவை ஆராய்ந்த உங்கர் என்னும் ஜெர்மானியர், 1844-ஆம் ஆண்டில் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது குவானின் எனப் பெயர் பெற்றது. உயிர்களின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் நெடிய மூலக்கூற்றில் உள்ள நான்கு காரங்களுள் குவானினும் ஒன்று என்பது பிற்காலத்திலே தெளிந்த உண்மை.

குவானினைச் சிதைத்து அதன் உறுப்புகளை அறிய முற்பட்டவர் அடால்ஃப் ஸ்டிரெக்கர் என்பவர். இவர் 1822-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் டார்ம்ஷ்டாட் என்னும் ஊரிற் பிறந்தவர்; பெருவேதியியலார் லீபிக்கின் மாணவர். 1850-ஆம் ஆண்டிலேயே அசிட்டால்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு ஆகிய எளிய பொருள்களைக் கூட்டி, அலனின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்கிப் புகழ் பெற்றார். அம்முறை இன்றும் ‘ஸ்டிரெக்கர் முறை’ என்றே வழங்குகின்றது. 1861-ஆம் ஆண்டில் இவர் குவானினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் பொட்டாசியம் குளோரேட்டாலும் சிதைத்தார். அப்போது வலிய காரப் பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே குவானிடின். இவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டு என்று அவரும் எண்ணியிருக்க இயலாது. தம் 50-ஆம் அகவையை எட்டும் முன்பே, 1871-ஆம் ஆண்டில், அவர் மறைந்தார். அத்தொடர்பு வெளிப்பட்ட வரலாறு பின்னர்க் கூறப்படும்.

அமைப்பு

குவானிடின் மூலக்கூறு மிகச் சிறியது. நடுவே ஒரு கார்பன் அணு. அதனைச் சூழ மூன்று நைட்ரஜன் அணுக்கள். அவற்றோடு சேர்ந்து ஐந்து ஹைட்ரஜன் அணுக்கள். இவ்வளவே. தூய குவானிடின் நிறமற்ற திண்மம். காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் விரைந்து கவரும் இயல்புடையது. ஆதலின் அதனைப் பெரும்பாலும் உப்பாக மாற்றியே வைத்துப் பயன்படுத்துவர்.

புரோட்டான் எனப்படும் ஹைட்ரஜன் அயனியை ஏற்கும் பொருளைக் காரம் என்பர். ஏற்ற புரோட்டானை எத்துணை இறுகப் பற்றிக்கொள்கிறதோ அத்துணை வலியது அக்காரம். நீரில் இவ்வலிமையை அளக்கும் எண் அம்மோனியாவிற்கு 9.25 ஆகும், குவானிடினுக்கு 13.6 ஆகும். இவ்வெண் ஒன்று கூடினால் வலிமை பத்து மடங்கு கூடியது என்பது பொருள். எனவே அம்மோனியாவை நோக்கக் குவானிடின் 20,000 மடங்கிற்கும் மேல் வலிய காரம் ஆகும். இரண்டும் நைட்ரஜனால் அமைந்த காரங்களே. அங்ஙனமாக, இவ்வளவு வேறுபாடு எதனால் விளைந்தது?

புரோட்டான் நேர்மின்சுமை உடையது. அதனை ஏற்ற காரம் அச்சுமையையும் ஏற்கவேண்டும். அம்மோனியாவில் இருப்பது ஒரே நைட்ரஜன். அது அச்சுமைக்கு வேறு துணை இன்றி நிற்கிறது. குவானிடினிலோ புரோட்டானைப் பற்றுவது ஒரு நைட்ரஜனே எனினும், அதனால் வந்த மின்சுமை அந்நைட்ரஜனிடமே நின்றுவிடுவதில்லை. கார்பன் வழியே எலெக்ட்ரான்கள் பரவுதலால் அச்சுமை மூன்று நைட்ரஜன்களுக்கும் பொதுவாகிறது. மூன்று கற்களைக் கூட்டி அடுப்பாக்கி அதன்மேற் பானையை ஏற்றுதலை ஈண்டு ஒப்பிடலாம். ஒரு கல்லின்மேல் வைத்த பானை உருண்டு விழும். மூன்று கற்களும் சமமாகத் தாங்கும்போது நிறைந்த பானையும் அசையாது நிற்கும். அடுப்புக் கற்கள் மூன்றும் நடுப்புள்ளியினின்று ஒத்த தொலைவில் அமைதல் போலவே, புரோட்டானை ஏற்ற குவானிடினில் மூன்று நைட்ரஜன்களும் கார்பனிலிருந்து ஒத்த தொலைவில், ஒரே தளத்தில் அமைகின்றன. குவானிடினின் வலிமை முழுவதும் இப்பகிர்விலேயே அடங்கியுள்ளது. அதன் பயன்கள் பலவற்றிற்கும் இப்பகிர்வே வேர்.

இயற்கையும் இவ்வமைப்பைப் போற்றிக் கையாள்கின்றது. 1886-ஆம் ஆண்டில் ஷூல்ட்ஸ், ஸ்டைகர் என்னும் இருவர், லூப்பின் என்னும் பயற்றுச் செடியின் முளைகளிலிருந்து ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தனர். அதன் ஒரு முனை குவானிடின் அமைப்பை உடையது. மாந்தர் உடலின் புரதங்களில் ஆர்ஜினின் உள்ள இடங்கள் பலவற்றில், நேர்மின்சுமை தாங்கிய அம்முனை, எதிர்மின்சுமை உடைய பாஸ்பேட்டு முதலியவற்றை இரு விரல்களாற் பற்றுவது போலப் பற்றிக்கொள்கின்றது.

வினையூக்கி

வேதிவினை ஒன்றை விரைவுபடுத்தி, முடிவில் தான் மாறாது மீளும் பொருள் வினையூக்கி எனப்படும். ஆற்றின் இக்கரையில் நிற்பாரை ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது ஓடம். ஓடம் ஒன்றே ஆயினும் கரை சேர்வார் பலர். வினையூக்கியின் செயலும் இத்தகையது. ஒரு சிறிதளவு வினையூக்கி பேரளவான பொருளை மாற்றவல்லது. குவானிடின் வழிப்பொருள்கள் ஒரு மூலக்கூற்றிலிருந்து புரோட்டானை வாங்கி வினைக்கு அதனை ஆயத்தமாக்குகின்றன. வினை நிகழ்ந்தபின் அப்புரோட்டானை உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டு மீள்கின்றன. இறுகப் பற்றுதலும் உரிய காலத்தில் விடுத்தலும் ஆகிய இரண்டும் வல்லதே நல்ல வினையூக்கி ஆகும்.

குவானிடினில் உள்ள ஹைட்ரஜன்களை நீக்கி, அவற்றின் இடத்தில் கார்பன் தொகுதிகளை அமைத்தல் கூடும். அங்ஙனம் அமைப்பதற்கேற்ப அதன் இயல்பும் மாறும். நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய வேதியியலார் டெரிக் பார்ட்டன், 1982-ஆம் ஆண்டில் தம் துணைவரோடு, நைட்ரஜன்களைச் சூழப் பருத்த தொகுதிகளை நெருக்கமாக அமைத்த குவானிடின்களை வெளியிட்டார். புரோட்டான் மிகச் சிறியது. ஆதலின் அந்நெருக்கத்திலும் நுழைந்து நைட்ரஜனை அடையும். பெரிய அணுத்தொகுதிகள் நுழைய இயலா. எனவே இக்காரம் புரோட்டானை மட்டும் கவர்ந்து, வேறு பக்க வினைகளில் தலையிடாது நிற்கும். இது ‘பார்ட்டன் காரம்’ என்று வழங்குகின்றது.

தாவர எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி டீசலுக்கு மாற்றான எரிபொருளை ஆக்குவர். இதற்குச் சோடியம் ஹைடிராக்சைடு முதலிய காரங்களைப் பயன்படுத்தினால் எண்ணெயின் ஒரு பகுதி சோப்பாகிவிடும். பின்னர் அதனைப் பிரித்தல் தொல்லை. பிரேசில் நாட்டின் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஷூகார்ட்டும் அவர்தம் துணைவரும் 1990-களில், குவானிடின் வழிப்பொருள்கள் சோப்பை உண்டாக்காது இவ்வினையை நடத்தவல்லன என்று காட்டினர்.

இனி, முன்னர்க் குறித்த தொடர்பைக் காண்போம். மூலக்கூறுகளுள் சில, இடக்கையும் வலக்கையும் போல, ஆடியில் தோன்றும் உருவ ஒப்புமை உடைய இருவகையாக இருக்கும். இரு கைகளும் ஒத்த உறுப்புகளை உடையனவே. ஆயினும் இடக்கையின் உறை வலக்கைக்குப் பொருந்தாது. உடலின் புரதங்கள் பெரும்பாலும் இடக்கை வகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஆதலின் மருந்து முதலியன ஆக்குங்கால் ஒரே வகையைப் பெறுதல் இன்றியமையாதது. ஆனால் ஸ்டிரெக்கர் 1850-ஆம் ஆண்டில் கண்ட முறையில் இருவகையும் சமமாகக் கலந்தே கிடைக்கும். இக்குறை நெடுங்காலம் நீடித்தது.

1999-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கோரி என்பவரும் அவர்தம் மாணவர் குரோகன் என்பவரும், தானே ஒரு கையினதாக அமைந்த குவானிடின் வினையூக்கி ஒன்றை ஆக்கினர். அதனை ஸ்டிரெக்கர் வினையிற் பயன்படுத்தியபோது, விளைந்த பொருளில் ஒரு வகையே மிகுந்திருந்தது. தம் இளமையிற் கண்ட வினையின் குறையைத் தீர்க்கும் பொருள், தாமே பதினோராண்டு கழித்துக் கண்ட குவானிடினின் வழிவந்தது என்பதை ஸ்டிரெக்கர் அறியார். இரண்டையும் ஒன்றுசேர்க்க 149 ஆண்டுகள் தேவைப்பட்டன. உண்மை ஒன்று வெளிப்பட்ட காலத்தே அதன் பயன் முழுவதும் தெரிந்துவிடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

ஈந்தணைவி

உலோக அயனிகள் எலெக்ட்ரான் குறைந்தவை. அவற்றிற்கு எலெக்ட்ரான் இரட்டையை ஈந்து, அவற்றைச் சூழ்ந்து அணைந்து நிற்கும் மூலக்கூறுகள் ஈந்தணைவி எனப்படும். இவற்றை ஈனி என்றும் வழங்குவர். குவானிடினின் நைட்ரஜன் எலெக்ட்ரான் இரட்டையை ஈவதில் தாராளமானது. ஈந்தபின் தன்பால் ஏற்படும் நேர்மின்சுமையை மூன்று நைட்ரஜன்களும் பகிர்ந்துகொள்ளுதலே அதற்குக் காரணம்.

அரிந்து வைத்த கத்தரிக்காய் சிறிது நேரத்தில் பழுப்பேறுதலை எவரும் கண்டிருப்பர். காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றி இவ்வினையை நடத்துவன செம்பு அயனிகளைத் தாங்கிய நொதிகள். டைரோசினேஸ் என்னும் நொதி இவ்வினத்தைச் சார்ந்தது. பெரிய நொதியை விடுத்து, செம்பையும் அதனைச் சூழ்ந்த சில நைட்ரஜன்களையும் மட்டும் அமைத்தால் இச்செயல் நிகழுமா என்று அறிஞர் ஆராய்ந்தனர். குவானிடின் ஈந்தணைவிகள் அணைந்த செம்பு, மிகுந்த குளிர்நிலையில் ஆக்சிஜனைப் பற்றி, அதனை வேறொரு மூலக்கூற்றிற்குக் கொடுத்ததை ஹெரெஸ் பாவ்லிஸ், ஸ்டாக் முதலியோர் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இயற்கையின் தொழில்நுட்பத்தை அறிவதற்கு இஃது ஒரு திறவுகோல் ஆயிற்று.

குவானிடினின் பயன் அன்றாட வாழ்க்கையைத் தொடும் இடம் பிளாஸ்டிக் ஆகும். பெட்ரோலியத்தினின்று ஆக்கப்படும் பிளாஸ்டிக் மண்ணிலும் கடலிலும் மக்காது குவிந்து வருதல் யாவரும் அறிந்தது. அதற்கு மாற்றாகச் சோளம், கரும்பு ஆகியவற்றின் மாவையும் சருக்கரையையும் நொதிக்கவைத்து லாக்டிக் அமிலத்தை ஆக்கி, அதனை லாக்டைடு என்னும் வளையமாக மாற்றி, அவ்வளையங்களைத் திறந்து சங்கிலியாக இணைத்துப் பாலிலாக்டைடு என்னும் பிளாஸ்டிக்கை ஆக்குகின்றனர். வளையத்தைத் திறந்து இணைக்க வினையூக்கி வேண்டும். தொழிற்சாலைகளில் வழக்கமாகப் பயன்படுவது வெள்ளீயச் சேர்மம் ஒன்று. அதன் எச்சம் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். பிளாஸ்டிக் மக்கியபின் அவ்வெள்ளீயம் மண்ணில் தேங்கித் தீங்கு செய்யுமோ என்னும் அச்சம் உண்டு. நன்மை கருதி ஆக்கிய பொருளிலே நஞ்சு தங்குதல் நன்றன்று.

இக்குறையைப் போக்க இருவழிகளில் முயன்றனர். ஒன்று, உலோகமே இல்லாத வழி. 2006-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வகத்தினரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும், இரு வளையங்களுக்குள் குவானிடினைப் பூட்டியமைத்த டி.பி.டி. என்னும் சேர்மம் லாக்டைடை மிக விரைவாக இணைப்பதைக் கண்டனர். அதன் ஒரு நைட்ரஜன் புரோட்டானை ஏற்க, மற்றொரு நைட்ரஜன் தன்னிடமுள்ள ஹைட்ரஜனால் எதிர்ப்பொருளைப் பற்றுகிறது என்று விளக்குவர். இருகைகளும் ஒருசேர உழைத்தலால் வினை விரைகின்றது. மற்றொன்று, தீங்கற்ற உலோகத்தைக் குவானிடினோடு சேர்க்கும் வழி. ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஹெரெஸ் பாவ்லிஸ் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் துத்தநாகத்தையும் இரும்பையும் குவானிடின் ஈந்தணைவிகளால் அணைத்து வினையூக்கிகளை ஆக்கினர். 2019-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இரும்பு வினையூக்கிகள், வெள்ளீயச் சேர்மத்தினும் விரைந்து தொழிற்பட்டன. துத்தநாகமும் இரும்பும் உயிர்களின் உடலுக்கு வேண்டிய உலோகங்களே ஆதலின் இம்முயற்சி சிறப்புடையது.

ஆயினும், பாலிலாக்டைடு எங்கு எறிந்தாலும் மக்கிவிடும் என்று கருதுதல் தவறு. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் உடைய தொழிற்சாலை உரக்குழிகளிலே அது விரைவாக மக்கும். சாதாரண மண்ணிலும் கடலிலும் நெடுங்காலம் கிடக்கும். எனவே ஆக்குதலைப் போலவே அழித்து மீட்டலும் வேண்டப்படுகிறது. இதற்கும் குவானிடின் துணைசெய்கின்றது. 2011-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வகத்தினர், நீர்ப்புட்டிகள் செய்யப்படும் பெட் என்னும் பிளாஸ்டிக்கை எத்திலீன் கிளைக்காலோடு சூடாக்கி, டி.பி.டி.யை வினையூக்கியாக இட்டு, அதன் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினர். கோத்த மாலையை அவிழ்த்து மீண்டும் மலர்களாக்குதல் போன்றது இது. பாலிலாக்டைடை இங்ஙனம் பிரிப்பதற்குத் துத்தநாகக் குவானிடின் சேர்மங்களும் பயன்படுகின்றன. இம்முறைகள் ஊர்தோறும் குவியும் குப்பைக்கு விடையாகும் அளவிற்கு வளர்வது, இனிவரும் ஆராய்ச்சியாளரின் உழைப்பைப் பொறுத்தது.

நஞ்சும் மருந்தும்

குவானிடின் உடலுக்கு நஞ்சு. ஆயினும் 1918-ஆம் ஆண்டில் வாட்டனபே என்பவர், அது குருதியிலுள்ள சருக்கரையைக் குறைப்பதைக் கண்டார். 1922-ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்னும் இருவர், இரண்டு குவானிடின் அமைப்புகள் இணைந்தாற்போன்ற மெட்ஃபார்மின் என்னும் பொருளை ஆக்கினர். அது நீரிழிவு நோய்க்கு மருந்தாதலைப் பிரெஞ்சு மருத்துவர் ஸ்டெர்ன் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் நீரிழிவு நோயாளர் அதனை உட்கொள்கின்றனர். அமைப்பிற் செய்த மாற்றம் நஞ்சின் வழியிலே மருந்தைத் தந்தது. எனினும் குவானிடினும் அதன் வலிய வழிப்பொருள்களும் தோலையும் கண்ணையும் அரிக்கவல்லன. ஆய்வகத்தில் அவற்றைக் கையாள்வோர் தக்க காப்போடு கையாளுதல் வேண்டும்.

முடிவுரை

பறவைகளின் எச்சத்தினின்று ஒரு பொருள் பிறந்தது. நான்கே கன அணுக்களும் சில ஹைட்ரஜன்களும் சேர்ந்த அச்சிறு பொருள், புரதங்களில் இடம்பெற்றும், எரிபொருள் ஆக்கத்திற்குத் துணைநின்றும், உலோகங்களை அணைத்தும், பிளாஸ்டிக்கை ஆக்கியும் பிரித்தும் பணிபுரிகின்றது. தனக்கு வந்த சுமையை ஓரிடத்தில் தேக்காது மூன்றிடத்தும் பகிர்தலே அதன் ஆற்றலுக்குக் காரணம். பகிர்தல் வலிமையைக் குறைக்கும் என்று எண்ணுவாருக்கு இச்சிறு மூலக்கூறு தரும் விடை தெளிவானது. அதனைக் கண்டவர் அதன் பயனைக் காணாமலே மறைந்தார். எனினும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. இன்று மாணவராய் இருப்போர் பொறுமையோடு காணும் சிறு உண்மையும், பிறிதொரு நாளில் பிறர் கையிற் பெரும்பயன் விளைத்தல் கூடும்.

பயிற்சி வினாக்கள்

1. குவானோ சின்ச்சாத் தீவுகளிற் குவிந்து கிடந்ததற்குக் காரணங்கள் யாவை?
2. அம்மோனியாவினும் குவானிடின் வலிய காரமாக இருப்பது ஏன்? மூன்று கற்கள் கூட்டிய அடுப்பின் உவமையைக் கொண்டு விளக்குக.
3. ஸ்டிரெக்கரின் 1850, 1861-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புகள் 1999-ஆம் ஆண்டில் எங்ஙனம் ஒன்றுசேர்ந்தன?
4. வினையூக்கியை ஓடத்தோடு ஒப்பிட்டது எவ்வகையிற் பொருந்தும்?
5. பாலிலாக்டைடு ஆக்கத்தில் வெள்ளீயத்திற்கு மாற்றுத் தேடியது ஏன்? கண்ட மாற்றுகள் யாவை?
6. பிரித்தெழுதுக: பெருங்கடல், அரும்பொருள், மின்சுமை, ஈந்தணைவி, பேரளவு.
7. சொந்தச் சொற்றொடரில் அமைத்தெழுதுக: இன்றியமையாதது, ஒருசேர, வீண்போதல், திறவுகோல்.
8. ‘இழிந்த பொருளிலும் அரும்பொருள் உண்டு’ என்னும் பொருள்பற்றி ஒரு பக்க அளவிற் கட்டுரை வரைக.